பழைய பிக்கப் வாங்குமுன்: சேசிஸிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

காரைப் பார்க்கும் கண்ணோடு பிக்கப்பைப் பார்க்கக் கூடாது. காரின் தேய்மானத்தை ஓடிய கிலோமீட்டர் ஓரளவு சொல்லிவிடும். பிக்கப்பின் தேய்மானத்தை அது சுமந்த எடைதான் தீர்மானிக்கிறது. நெடுஞ்சாலையில் சுமையின்றி 2,00,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி நல்ல நிலையில் இருக்கலாம். நாள்தோறும் அளவுக்கு மீறிக் கல்லும் மணலும் ஏற்றிய வண்டி 70,000 கிலோமீட்டரிலேயே முடிந்துபோயிருக்கலாம். மீட்டரில் இந்த வேறுபாடு தெரியாது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ், சுமையைத் தாங்கும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), சரக்கு ஏற்றும் லோடு பாடி, டிரெய்லர் கொக்கி ஆகியவற்றில் தெரியும். அதனால்தான் இந்த வழிகாட்டி எஞ்சினில் தொடங்கவில்லை. எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். வளைந்துபோன சேசிஸையோ துரு தின்ற சேசிஸையோ சரிசெய்ய ஆகும் செலவு பெரும்பாலும் வண்டியின் விலையைத் தொட்டுவிடும்.

வண்டி தேடுவதற்கு முன்

உங்கள் தேவையை முதலில் எடைக்கணக்காக எழுதுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் ஓரத்திலோ உள்ள தகட்டில் வண்டியின் மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் ஏற்றத்தக்க எடை கிடைக்கும். மொத்த வரம்பு 3,000 கிலோ, வெறும் எடை 1,950 கிலோ என்றால் மீதி 1,050 கிலோ. பலர் இதை அப்படியே சரக்குக்கான அளவு என்று நினைக்கிறார்கள். நான்கு பேர் ஏறினால் 300 கிலோ போய்விடும். இரும்புக் கூண்டு 120 கிலோ, முன் கம்பித் தடுப்பும் இழுவைக் கொக்கியும் 80 கிலோ. 2,000 கிலோ டிரெய்லரை மாட்டினால் அதன் எடையில் ஏறத்தாழ பத்து சதவீதம், அதாவது 200 கிலோ, கொக்கியின் மேல் உட்காரும். கடைசியில் சரக்குக்கு மிஞ்சுவது 350 கிலோதான். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவர் கையில்தான் பட்டை உடைகிறது.

கேபின் வகையும் இங்கேயே முடிவாக வேண்டியது. இரட்டைக் கேபின் வண்டியில் லோடு பாடியின் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும். அங்கே ஏற்றும் எடை நெம்புகோலாக வேலை செய்து பின்பக்கத்தைக் கீழே அழுத்தும், முன் சக்கரங்களின் பிடியைக் குறைக்கும். ஒற்றைக் கேபினில் சுமை அச்சுக்கு முன்னாலேயே பெரும்பாலும் நின்றுவிடும். கனமான சரக்குதான் உங்கள் தொழில் என்றால் ஒற்றைக் கேபின்தான் சரி. குடும்பமும் ஏறும், சரக்கும் ஏறும் என்றால் இரட்டைக் கேபின் எடுக்கலாம். ஆனால் பழைய இரட்டைக் கேபினில் சேசிஸ் வளைவை இன்னும் கூர்மையாகத் தேட வேண்டும்.

பார்க்கப் போகும்போது நல்ல டார்ச், சிறு சுத்தியல், தட்டை ஸ்குரூ டிரைவர், மெல்லிய துணி சுற்றிய காந்தம், கைப்பிடி வைத்த சிறு கண்ணாடி, நூல், வெள்ளைத் துணி, அடியில் படுக்க ஒரு அட்டை, எஞ்சின் கணினியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஆகியவை கையில் இருக்கட்டும். நேரம் பகலாக இருக்கட்டும், மழை பெய்யாத நாளாக இருக்கட்டும். ஈரமான பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும். "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எஞ்சின் சோதனையை இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் நிமிடத்தில் சொல்வதைச் சூடான எஞ்சின் சொல்லாது.

பக்கவாட்டில் நின்று பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஐந்தாறு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள். கேபினுக்கும் லோடு பாடிக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் சேசிஸின் பின்பகுதி தொங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்கியிருக்கலாம். இரு பக்கமும் பார்த்து ஒப்பிடுங்கள். கேபினைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் நசுங்கினாலும் இந்த இடைவெளி மாறும். ஆகவே அங்கேயே முடிவு கட்டிவிடாமல் அடியில் போய் உறுதிசெய்யுங்கள்.

சுமையில்லாத பிக்கப் வழக்கமாகப் பின்பக்கம் சற்று உயர்ந்தே நிற்கும். வெறும் வண்டியே பின்பக்கம் தாழ்ந்து நின்றால் பட்டைகள் தளர்ந்துவிட்டன. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். பின்னால் இடது வலது வேறுபாடு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒரு பட்டை உடைந்திருக்கலாம், அல்லது வண்டி எப்போதும் ஒரே பக்கமாகச் சுமந்திருக்கலாம்.

சேசிஸ்

அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள். பட்டறையில் லிஃப்ட் இருந்தால் அங்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் சிறு கட்டணம் வீண் இல்லை. லிஃப்ட் இல்லாவிட்டால் சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியைத் தூக்காமலேயே பாருங்கள். பிக்கப்பின் உயரம் அதற்குப் போதும்.

துரு முதலில் எங்கே பிடிக்கிறது என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், பட்டையின் முன் தாங்கி, பின்னால் பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் பொருந்தும் இடம், பெட்ரோல் டாங்கிக்கு மேலுள்ள பக்கம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், முன் சக்கரங்களுக்குப் பின்புறம் ஆகியவை சேறும் ஈரமும் தங்கும் இடங்கள். பெட்டி வடிவச் சேசிஸ் இன்னும் ஏமாற்றும். உள்ளே தேங்கிய சேறு உள்ளிருந்தே தின்னும், வெளியே பெயின்ட் பளபளக்கும். அதிலுள்ள வடிகால் ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கடலோரத்தில் ஓடிய வண்டியிலும், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஓடிய வண்டியிலும் இந்தச் சோதனையை இருமடங்கு நேரம் எடுத்துச் செய்யுங்கள். அமெரிக்காவில் டொயோட்டா டகோமா, டன்ட்ரா வண்டிகளின் சேசிஸ் துரு வழக்கு 2016-ல் சமரசத்துக்கு வந்தது. துளை விழுந்த சேசிஸ்களை மாற்றித் தரும் ஏற்பாடும் அதில் இருந்தது. நம்பகமான பெயர் உள்ள வண்டிக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

விற்பவரின் அனுமதியோடு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல உலோகம் கணீரென்று ஒலிக்கும், அரித்த உலோகம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவர் முனையை அழுத்துங்கள். உள்ளே இறங்கினாலோ தகடு தகடாக உதிர்ந்தாலோ அந்த வண்டியோடு வேலை முடிந்தது. மேலாகப் பழுப்பேறிய துருவுக்குப் பயப்பட வேண்டாம், கம்பித் தூரிகையால் தேய்த்தால் போகும். அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் அதைப் பராமரிப்பின் அடையாளமாக எண்ணிவிடாதீர்கள். விற்பனைக்குச் சில நாள் முன்பு அடித்த கோட்டிங் பெரும்பாலும் எதையோ மூடத்தான். நட்டு, போல்ட், வயர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றின் மேலும் ஒரே கறுப்பு படிந்திருந்தால் அது அவசரத்தில் செய்த வேலை.

வளைவைக் கண்டுபிடிக்கச் சேசிஸின் பக்கவாட்டில் நூலை இழுத்துப் பிடித்து, கேபினின் பின்சுவருக்கு நேர்கீழேயும் பின் அச்சுக்கு முன்னாலும் உள்ள பகுதியைக் கவனியுங்கள். கீழ் விளிம்பில் அலை போன்ற சுருக்கம், அங்கே மட்டும் பெயின்ட் வெடிப்பு, ஒரு பக்கம் மட்டும் புது வெல்டிங் ஆகியவை அளவுமீறிச் சுமந்ததன் அடையாளம். தொழிற்சாலை வெல்டிங் ஒரே சீராக ஓடும். பட்டறை வெல்டிங்கில் ஏற்ற இறக்கம் தெரியும். விளிம்பில் யாரோ துளை போட்டுக் கூண்டை மாட்டியிருந்தால், அந்தத் துளையிலிருந்து விரிசல் கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டிங்கோ தென்பட்டால் பேச்சுவார்த்தையே வேண்டாம்.

பட்டையும் அச்சும்

லீஃப் ஸ்பிரிங்கை, நாம் பட்டை என்று சொல்வதை, ஒவ்வொரு தகடாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் நடு போல்ட்டுக்கு அருகிலோ, முனையிலுள்ள கண்ணிக்கு அருகிலோ வரும். சுமையின்றியே பட்டை நேராகப் படுத்திருந்தாலோ எதிர்ப்பக்கம் வளைந்திருந்தாலோ அதன் வில் போய்விட்டது. வண்டியோடு வந்த பட்டைகளுக்கு நடுவே நிறம் மாறிய ஒரு புதுத் தகடு இருந்தால், கூடுதல் சுமைக்காகச் சேர்த்தது. அதில் தப்பில்லை. ஆனால் பட்டையைக் கூட்டினால் சேசிஸின் தாங்கும் திறனும் பிரேக்கும் கூடிவிடாது. வரம்பைத் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள் என்பதையே அது சொல்கிறது. அச்சுக்கு மேலே தொங்கும் ரப்பர் முட்டுகளையும் தவறாமல் பாருங்கள். அவை கிழிந்திருந்தாலோ, அச்சில் அவை அடித்த பளபளப்பான தழும்பு இருந்தாலோ அந்த வண்டி அடிக்கடி அடிமட்டம்வரை இறங்கி இடித்திருக்கிறது. யாராலும் எளிதில் மறைக்க முடியாத தடயம் இது.

பலரும் தொடாமல் விடும் ஒரு பாகம், சுமைக்கேற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு. பழைய பிக்கப்புகள் பலவற்றில் பின் அச்சிலிருந்து சேசிஸில் உள்ள வால்வுக்கு ஒரு சிறு கம்பி போகும். வண்டி சுமையேறித் தாழும்போது கம்பி அசைந்து பின் சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் கொடுக்கும். இந்தக் கம்பி துருவேறி இறுகிப்போயிருக்கும், அல்லது உயரத்தைக் கூட்டியவர்கள் கழற்றி வீசியிருப்பார்கள். அப்படியானால் வெறும் வண்டியில் பின்சக்கரம் பூட்டிச் சறுக்கும், அல்லது சுமையோடு போகும்போது பிரேக் போதாது. கையால் அசைத்துப் பாருங்கள்.

ஸ்டெப்னியை இறக்கியும் பாருங்கள். லோடு பாடிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் அந்தச் சக்கரம் பல வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் இறங்கியதே இல்லை. இறக்கும் பொறி துருவேறி நின்றிருந்தால் பஞ்சர் ஆன இரவில்தான் தெரியவரும்.

லோடு பாடியும் டிரெய்லர் கொக்கியும்

உள்ளே பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் ஒரு மூலையையாவது தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதன் அடியில் நீரும் மண்ணும் தங்கி, தரைத்தகட்டைத் துளைத்திருக்கும். லைனர் இல்லாத தரையில் பள்ளமும் கீறலும் இருப்பது இயல்பு. அழகுக்காக அஞ்சத் தேவையில்லை. ஆனால் தரை முழுவதுமே அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களுக்கிடையே தொங்கியிருந்தால் அது கனச் சரக்கின் வேலை. டெயில்கேட்டைத் திறந்து மூடுங்கள். இரு பக்கத் தூண்களும் விரிந்திருந்தால் கேட் ஒரு பக்கம் உரசும்.

டிரெய்லர் கொக்கி இருக்கிறதென்றால் வண்டி இழுத்திருக்கிறது. கொக்கியின் ஊசித் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, பந்தின் தலை தட்டையாகியிருக்கிறதா, டாஷ்போர்டுக்கு அடியில் டிரெய்லர் பிரேக் கருவி மாட்டிய துளைகள் உண்டா என்று பாருங்கள். கொக்கியைக் கழற்றிவிட்டு "இழுத்ததே இல்லை" என்பவரின் வண்டியிலும் போல்ட் துளைகளும் வயர் முனையும் மிச்சமிருக்கும். நிறைய இழுத்த வண்டியானால் கியர் பாக்ஸையும், பின் அச்சின் நடுவிலுள்ள கியர்த் தொகுதியான டிஃபரன்ஷியலையும் கூடுதல் கண்டிப்போடு சோதியுங்கள்.

எஞ்சின்: குளிர்ந்த நிலையில்

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு கூலன்ட் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான ரேடியேட்டரைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ போயிருக்கிறது. வெறும் துருநீராக இருந்தால் கூலன்ட் மாற்றுவதை மறந்தவர் மற்றதையும் மறந்திருப்பார். டிப் ஸ்டிக்கை எடுங்கள். டீசலில் எண்ணெய் கறுத்திருப்பது இயல்பு, அதைக் குறையாகச் சொல்லாதீர்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. அளவு மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல் எண்ணெயில் இறங்கியிருக்கிறது. பாதியில் நின்றுபோன டிபிஎஃப் (டீசல் புகைவடிகட்டி) சுத்திகரிப்போ இன்ஜெக்டர் கசிவோ இதற்குக் காரணம்.

இப்போது ஒருவர் ஸ்டார்ட் செய்ய, நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். முதல் சில நொடி லேசான புகை வந்து மறைந்தால் போகட்டும். தொடர்ந்து நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது: ரிங், வால்வு சீல் அல்லது டர்போ. கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை எரியாத டீசல்: குளோ பிளக், இன்ஜெக்டர், அல்லது கம்ப்ரஷன் குறைவு. இனிப்பு வாடையோடு நிற்காமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ட். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வரும் கரும்புகைக்கு அடைத்த ஏர் ஃபில்டர், டர்போ குழாயின் கசிவு, தேய்ந்த இன்ஜெக்டர் என்று காரணம் பல. அவற்றுள் சில மலிவாகவே சரியாகும்.

ஸ்டார்ட் ஆன ஒரு நிமிடத்துக்குள் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்குங்கள். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்க, ஹோஸ் மட்டும் கல்போல இறுகினால் சிலிண்டரின் அழுத்தம் கூலன்ட்டுக்குள் கசிகிறது. டீசல் எஞ்சினில் இன்னொரு சோதனை உண்டு: ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தாலோ புகை தொடர்ந்து பீறிட்டாலோ பிஸ்டன் ரிங் வழியாக வாயு கீழே இறங்குகிறது. எஞ்சின் திறக்க வேண்டிய நாள் தொலைவில் இல்லை.

வால்வுகளை எஞ்சினின் சுழற்சியோடு ஒத்து இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். டொயோட்டா ஹைலக்ஸின் பழைய 3.0 லிட்டர் 1கேடி டீசலில் பெல்ட் உண்டு. பல சந்தைகளில் 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். அதே எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷர்கள் கசிந்தால், எரிந்த வாயு எண்ணெயில் கலந்து கரிக்கசடாகி, ஆயில் பம்பின் உறிஞ்சு சல்லடையை அடைக்கும். எண்ணெய் அழுத்தம் விழுந்து எஞ்சினே போகும். ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒரு பலவீனம் உண்டு. நிஸான் ஃபிரான்டியர் 2005 முதல் 2010 வரையிலான ஆட்டோ கியர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் உள்ள கியர் ஆயில் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட் கியர் பாக்ஸில் கலந்தது. கியர் ஆயில் இளஞ்சிவப்புப் பால் நிறமாக மாறியிருந்தால் கியர் பாக்ஸ் தப்பாது. நீங்கள் பார்க்கும் மாடலின் பலவீனம் என்னவென்று அந்த எஞ்சினில் வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம் முன்பே கேட்டுவிட்டுப் போனால் அரை மணி நேரம் மிச்சம்.

புகைவடிகட்டி உள்ள டீசல் வண்டியில் சைலன்சர் வாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். வடிகட்டி வேலை செய்தால் துணியில் கரி அநேகமாகப் படியாது. கறுகறுவென்று ஒட்டினால் உள்ளே வடிகட்டியை உடைத்து எடுத்திருக்கிறார்கள் அல்லது அது விரிசல் விட்டிருக்கிறது. ஊருக்குள் குறைந்த தூரம் மட்டுமே ஓடிய டீசல் வண்டிகளில் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பின்றி அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டமும் அப்படித்தான் என்றால் பெட்ரோல் வண்டியோ, வடிகட்டி வருவதற்கு முந்தைய டீசலோ உங்களுக்குப் பொருந்தும்.

ஓபிடி ரீடரை மாட்டி, பிழைக் குறியீடு இல்லை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குறியீட்டை அழித்தபின் எவ்வளவு கிலோமீட்டர் ஓடியது என்ற அளவைப் பல வண்டிகள் தரும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால் நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். சுயசோதனைகள் பல 'முடியவில்லை' என்று காட்டுவதற்கும் பொருள் அதுவே. அண்மையில் பேட்டரி கழற்றியிருந்தாலும் இப்படி வரும், ஆகவே கேளுங்கள். எஞ்சின் ஓடிய மணி நேரம் கிடைத்தால் அது மீட்டரைவிட மேலான சாட்சி. 1,00,000 கிலோமீட்டருக்கு 2,500 மணி என்றால் சராசரி 40 கிலோமீட்டர் வேகம், இயல்பு. அதே தூரத்துக்கு 5,000 மணி என்றால் சராசரி 20 தான். நின்ற இடத்திலேயே நிறைய ஓடியிருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஊருக்குள்ளும், மேட்டிலும், வேகச் சாலையிலும் ஓட்ட வேண்டும். ரேடியோவையும் ஏசியையும் நிறுத்தி, கண்ணாடியைச் சற்று இறக்குங்கள்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று அறிய, நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. ஐடிலில் கிளட்சை மிதித்தால் அடங்கி, விட்டால் கடகடக்கும் சத்தம் கியர் பாக்ஸ் பேரிங்காக இருக்கலாம். எஞ்சினை நிறுத்தும் நொடியில் பலத்த உதறல் வந்தால் எஞ்சினின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை நிறை ஃப்ளைவீலைச் சந்தேகியுங்கள். கிளட்சைவிட அதற்கு அதிகச் செலவு.

ஆட்டோ கியரில் குளிர்ந்த நிலையில் டி-யிலும் ஆர்-இலும் மாற்றிப் பாருங்கள். ஓரிரு நொடிக்கு மேல் தாமதித்துப் பின் இடித்துக்கொண்டு பிடித்தால் உள்ளே அழுத்தம் குறைந்திருக்கிறது. 60 முதல் 80 வரையான வேகத்தில் லேசாக மிதித்திருக்கும்போது மேடுபள்ளத்தில் போவதுபோல் அதிர்ந்தால் டார்க் கன்வர்ட்டர் பூட்டும் இடத்தில் கோளாறு. சில நேரம் ஆயில் மாற்றினாலே சரியாகும், சில நேரம் கன்வர்ட்டரையே மாற்ற வேண்டும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நொடியில் மட்டும் அடியில் நடுக்கம் தோன்றினால், இரு துண்டாக உள்ள புரொப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது 'டங்' என்று கேட்டால் கிராஸ் ஜாயின்ட். இவை இரண்டும் சிறு வேலைகள், விலையைக் குறைக்கப் பயன்படும். டிஃபரன்ஷியலிலிருந்து வேகத்துக்கேற்ப ஏறும் ஊளை மட்டும் சிறு வேலை இல்லை.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அதைச் சரளையிலோ மண்ணிலோ மட்டும் சோதியுங்கள். பகுதிநேர 4×4 அமைப்பை உலர்ந்த தார்ச்சாலையில் போட்டு வளைத்தால் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். உயர் நிலை, தாழ் நிலை இரண்டையும் போட்டுப் பாருங்கள். தாழ் நிலைக்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைக்க வேண்டும். விளக்கு எரிந்தால் போதாது, முன்சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் போடாத 4×4 இறுகிப்போவது வழக்கம். டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்க விடுவார்களானால் பாருங்கள். பால் நிறம் என்றால் நீரில் இறங்கிய வண்டி.

காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நன்றாகப் பிரேக் போடுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் இறுகியிருக்கலாம். பெடல் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கிறது. மேட்டில் நிறுத்திக் கை பிரேக் தாங்குகிறதா என்று பாருங்கள். பின்னால் டிரம் பிரேக் உள்ள பிக்கப்புகளில் மண் புகுந்து இதுதான் முதலில் கைவிடும். வளைவில் இடப்பக்கம் திருப்பும்போது கூடி, வலப்பக்கம் திருப்பும்போது குறையும் ஊளை வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங்காக இருக்கும், ஏனென்றால் இடப்பக்கம் திரும்பும்போது சுமை வலப்பக்கம் சாய்கிறது.

ஓட்டி வந்ததும் எஞ்சினை ஐடிலில் விட்டு, வெப்ப அளவு ஏறுகிறதா என்று பத்து நிமிடம் கவனியுங்கள். பிறகு ஒருமுறை அடியில் எட்டிப் பாருங்கள். கழுவி வைத்த வண்டி இப்போதுதான் ஒழுகத் தொடங்கும்.

டயர், பாடி, வெள்ளம்

டயரின் பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நான்கு டயரும் வெவ்வேறு பிராண்ட் என்றால் செலவைத் தள்ளித் தள்ளி ஓட்டிய வண்டி. கார் டயரை மாட்டியிருந்தால் அதன் சுமைக் குறியீடு வண்டிக்குப் போதுமா என்று கதவுத் தகட்டோடு ஒப்பிடுங்கள். பெரிய டயர் மாட்டிய வண்டியில் மீட்டரும் பொய் சொல்லும். சுற்றளவு பத்து சதவீதம் கூடினால் 1,10,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி 1,00,000 என்றே காட்டும். உயரம் கூட்டிய வண்டியில் முன் ஆக்சிலின் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

விபத்தை மட்கார்டு போல்ட் தலைகள் காட்டிக்கொடுக்கும். அவற்றின் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசியிருக்கிறார்கள். ஆனால் அலுமினியப் பாடி வண்டியில் காந்தம் எங்குமே ஒட்டாது: ஃபோர்டு எஃப்-150 2015 மாடலிலிருந்து அலுமினியப் பாடிதான்.

வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். கழுவ மறந்த சேற்றுக்கோடு அங்கே இருக்கும். சீட்டுக்கு அடியிலுள்ள கம்பிகளில் துரு, வயர் இணைப்புகளில் பச்சைப் பாசி போன்ற படிவு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை ஆகியவையும் சாட்சி. இப்படிப்பட்ட வண்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மின்கோளாறு ஒன்றை முடித்தால் இன்னொன்று கிளம்பும்.

தாள்கள், விலை

சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் பதிவுச் சான்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண்ணுக்கு 17 இடங்கள், அதில் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது. வட அமெரிக்க வண்டிகளில் பத்தாவது இடம் மாடல் ஆண்டு: ஜே என்றால் 2018, எல் என்றால் 2020, ஆர் என்றால் 2024. கடன் பாக்கி, அபராதம், காப்பீட்டு இழப்பீடு பெற்ற வரலாறு ஆகியவற்றை அதற்குரிய அலுவலகப் பதிவில் நீங்களே பாருங்கள். விற்பவர் காட்டும் நகலை மட்டும் நம்ப வேண்டாம். சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் ஏறுமுகமாக வருகின்றனவா என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். 60,000 காட்டும் மீட்டரும் வழுவழுவென்று தேய்ந்த கிளட்ச் பெடலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

சேசிஸில் துளை அல்லது வளைவு, எண்ணில் ஐயம், வெள்ளம், கூலன்ட்டில் எண்ணெய் என்ற நான்கில் எது தென்பட்டாலும் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். எவ்வளவு குறைத்தாலும் அது மலிவு ஆகாது. மற்ற குறைகளையெல்லாம் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டறையில் மதிப்பீடு வாங்கி, கூட்டுத்தொகையை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். விற்பவர் மெக்கானிக்கிடம் காட்ட மறுத்தால் அந்த மறுப்பையும் பட்டியலில் ஒரு குறையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கிய வாரமே எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கியர் பாக்ஸ், சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு டிஃபரன்ஷியல்களின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவற்றை மாற்றுங்கள். வடித்த ஒவ்வொரு ஆயிலையும் ஒரு சுத்தமான தட்டில் ஊற்றிக் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்குகள் வந்தால் அந்தப் பாகத்தைச் சுமை ஏற்றுவதற்கு முன்பே திறந்து பார்த்துவிடுங்கள்.